110 ஆண்டுகள் காத்திருந்த வெண்பொடி

இறுதியாண்டு ஆய்வில் முதல் இரண்டு முறை எனக்குக் கிடைத்தது கறுப்புப் பிசின். மூன்றாம் முறை ஒரு சிட்டிகை வெண்பொடி. இது எதற்கு உதவும் என்று அம்மா கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன். அந்தப் பொடியை முதன்முதலில் செய்தவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

அடோல்ஃப் வோன் பேயர் 1835ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். 13ஆம் பிறந்த நாளில் அவர் வாங்கியது ஒரு துண்டு அவுரி நீலம். அந்த நீலம் அவரை விடவே இல்லை. 1865இல் அதை ஆராயத் தொடங்கினார். 1880இல் செயற்கையாக உருவாக்கினார். 1883இல் அதன் மூலக்கூற்று அமைப்பைக் கண்டார். நாம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு இளஞ்சிவப்பு நிறம் கண்டோமே, அந்தப் பினாப்தலீனும் 1871இல் அவர் தந்ததுதான். 1905இல் நோபல் பரிசு பெற்றார், 1917இல் மறைந்தார்.

இத்தனை புகழுக்கு இடையே ஒரு சிறு செய்தி. மியூனிக்கில் பேராசிரியராக இருந்த பேயர், 1886இல் பிரோலையும் அசிட்டோனையும் அமிலம் சேர்த்துக் கலந்தார். பிரோல் என்பது நான்கு கரிம அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் கொண்ட வளையம். வெண்படிகம் கிடைத்தது. அது எதற்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆயினும் கண்டதை எழுதி வெளியிட்டார்.

1996இல், அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் செஸ்லர் குழுவினர் அப்பொருளின் ஆற்றலைக் கண்டனர். நான்கு பிரோல்கள் கைகோத்த வளையம் அது. ஒவ்வொரு பிரோலின் நைட்ரஜனிலும் ஒரு ஹைட்ரஜன் உண்டு. தனித்திருக்கையில் அவை மாறி மாறி மேலும் கீழும் நோக்கி நிற்கும். ஃபுளோரைடு போன்ற எதிர்மின் அயனி வந்தால், நான்கும் ஒரே பக்கம் திரும்பும். மூலக்கூறு கோப்பையாகும், நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளால் அயனியைப் பற்றிக்கொள்ளும். குளோரைடைவிடச் சிறிய ஃபுளோரைடை அது இன்னும் இறுகப் பிடிக்கும். காலிக்ஸ்பிரோல் என்ற பெயரிலேயே கோப்பை இருக்கிறது.

பேயர் இதைக் காணவில்லை. ஆனால் அவர் எழுதி வைத்திராவிட்டால்?

தமிழ்ப்பள்ளியில் என் அறிவியல் ஆசிரியர், கண்டதைக் கண்டபடி எழுது என்பார். அதன் பொருள் இப்போதுதான் புரிகிறது. தம்பி தங்கையரே, உங்கள் சோதனை தோற்றாலும் குறிப்பேட்டைக் கிழிக்காதீர்கள். கறுப்புப் பிசின் வந்த இரண்டு நாள்களையும் என் குறிப்பேட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன். அம்மாவிடமும் பதில் சொல்லிவிட்டேன்: தெரியவில்லை அம்மா, ஆனால் எழுதி வைத்திருக்கிறேன்.