இளைப்பாறிய பின் தொடங்கிய பெரும் பணி: சி. வை. தாமோதரம்பிள்ளை

உத்தியோகத்தை விட்டு நீங்குவதை இளைப்பாறுதல் என்று சொல்வது எங்கள் நாட்டு வழக்கு. நல்ல சொல்தான். முப்பது, முப்பத்தைந்து வருடம் மணிக்கூட்டைப் பார்த்து ஓடிய ஒரு மனிதர் மரநிழலில் அமர்ந்து ஆறுதலாக மூச்சு விடுவதை அது கண்முன் கொண்டு வருகிறது. ஆனால் வாசகர்களே, உங்கள் ஊரில் இளைப்பாறியவர்கள் எல்லோரும் உண்மையாகவே இளைப்பாறுகிறார்களா? சற்றே எண்ணிப் பாருங்கள். ஒருவர் கடையொன்றில் கணக்கு எழுதப் போகிறார். இன்னொருவர் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். மகளின் கலியாணத்துக்குப் பட்ட கடன் ஒருவரைத் துரத்துகிறது. வீட்டில் சும்மா இருக்க மனம் ஒவ்வாமை மற்றொருவரை வெளியே அனுப்புகிறது.

இவர்களைக் கண்டு, காசாசை இன்னும் விடவில்லை என்று பேசுவோர் உண்டு. பாவம், இந்த வயதிலும் உழைக்க வேண்டியிருக்கிறதே என்று இரங்குவோரும் உண்டு. ஆசை, தேவை என்னும் இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கலாம். அதற்குச் சாட்சியாக யாழ்ப்பாணத்து மண்ணிற் பிறந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர்தாம் சி. வை. தாமோதரம்பிள்ளை. பாடப் புத்தகத்திலே அவர் பெயரைப் பதிப்பாசிரியர் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பதிப்புக்களிற் பெரும்பாலானவற்றை அவர் இளைப்பாறிய பின்னரே வெளியிட்டார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி, யாழ்ப்பாணத்தின் சிறுப்பிட்டிக் கிராமத்தில் வைரவநாதபிள்ளை என்பவருக்கு மகனாக அவர் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துக்கள் அந்த ஊரையும் அந்தத் தகப்பனையுமே குறிக்கின்றன. தகப்பனார் கிறிஸ்தவ மிசன் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். மகனும் கிறிஸ்தவச் சூழலிலேயே வளர்ந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றார். 1844 முதல் 1852 வரை அமெரிக்க மிசனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும், கணிதமும், பிற கலைகளும் பயின்றார். ஆதியாகமத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியவரும் இவரே. பின்னாளில் அவர் சைவ சமயத்தைத் தழுவிக்கொண்டார். ஆயினும் மிசன் கல்வி தந்த ஒழுங்கும் ஆங்கிலப் புலமையும் கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தன.

கோப்பாயிலே சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின், இளம் வயதிலேயே அவர் கடல் கடந்து சென்னைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிச் சென்ற பேர்சிவல் பாதிரியார், அங்கே தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக இவரை அழைத்துக்கொண்டார். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. அவ்வருடமே நடந்த முதலாவது பீ.ஏ. பரீட்சையில் சித்தியெய்திப் பட்டதாரிகளானவர்கள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் தாமோதரம்பிள்ளை.

அதன்பின் அவர் வாழ்வு அக்காலத்து உத்தியோகத்தர் ஒருவருடைய வாழ்வாகவே நகர்ந்தது. கள்ளிக்கோட்டையிலே அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். பின்னர் சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்குச் சாலையிற் சேர்ந்து உயர்ந்த பதவியை அடைந்தார். 1871இல், வயது நாற்பதை நெருங்கும்போது, சட்டம் படித்து பீ.எல். பட்டமும் பெற்றார். கணக்குச் சாலையில் இருப்பவருக்குச் சட்டப் பட்டம் எதற்கு என்று அன்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். வாசகர்களே, இந்தப் பட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு வருடத்தின் பின் அதன் பயனைக் காண்போம்.

தமிழ் நூல்களில் அவருக்கு இருந்த பற்று புதிதன்று. வாலிப வயதிலேயே நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தவர் அவர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் வெளியிட்டார். அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். ஆனால் உத்தியோகத்தில் இருந்த அந்த நீண்ட காலத்தில் இவற்றோடு வேறெந்தப் பெரிய பழைய நூலை வெளியிட்டார் என்று தேடினால், 1881இல் வந்த வீரசோழியம் ஒன்றே கண்ணிற் படுகிறது. ஒரு மனிதரின் பகற்பொழுது முழுவதையும் கணக்குப் புத்தகங்கள் எடுத்துக்கொள்ளும்போது, ஏட்டுச் சுவடிக்கு எவ்வளவுதான் மிஞ்சும்? 1879இல் நாவலரும் காலமாகிவிட்டார்.

1882இல், ஐம்பதாவது வயதில், தாமோதரம்பிள்ளை அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார். பட்டமும் பெயரும் இருந்தன. சிறுப்பிட்டிக்குத் திரும்பி, மரியாதையோடு முற்றத்திற் சாய்மனைக் கதிரையைப் போட்டு அமர்ந்திருக்கலாம். ஊரார் வந்து வணங்கிப் போயிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கும்பகோணத்துக்குப் போய் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். பதினொரு வருடம் சும்மா கிடந்த பீ.எல். பட்டம் இப்போதுதான் வேலைக்கு வந்தது. பின்னர் 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். அப்பதவியை ஏற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

இளைப்பாறிய ஒருவருக்கு இவ்வளவு உழைப்பு ஏன்? வளரும் பிள்ளைகள் இருந்தார்கள். குடும்பத்தை நடத்த வேண்டியிருந்தது. ஏழாலையிலே ஒரு சைவப் பாடசாலையை நிறுவிய பொறுப்பும் இருந்தது. ஆகவே தேவை இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெறுந் தேவைக்காக உழைத்தவர் உழைத்ததைச் சேர்த்து வைத்திருப்பார். இவருடைய கைப்பணமோ ஓலைச் சுவடிகளைத் தேடியும், அவற்றைப் பிரதி எடுத்தும், காகிதம் வாங்கியும், அச்சுக்கூலி கொடுத்தும் கரைந்தது.

இந்த வேலை எத்தகையது என்பதை நீங்கள் அறிந்தாற்றான் அவர் செய்ததன் பெறுமதி விளங்கும். பனையோலை என்றைக்கும் நிலைப்பதன்று. பூச்சி அரிக்கும், காலம் செல்லச் செல்லக் காய்ந்து ஒடியும். அதனால் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி எழுதியே நூல்களைக் காத்து வந்தார்கள். எழுதுவோர் அருகியபோது நூலும் அழியத் தொடங்கியது. பல வீடுகளிலே பாட்டன் வைத்த சுவடிக் கட்டு பரணிற் கிடந்து தூளாகிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுப் போனாற் கொடுக்க மறுப்போரும் உண்டு. என்ன நூல் என்றே அறியாதோரும் உண்டு.

ஏடு கிடைத்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. கொடு என்பதா, கோடு என்பதா என்று பொருளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். காலும் ரகரமும் ஒரே கோடாகத் தோன்றும். செய்யுளையும் உரையையும் வரி பிரிக்காமல் ஒரே தொடராக எழுதியிருப்பார்கள். ஒரு சுவடியில் ஓலை முறிந்த இடத்தை வேறோர் ஊரிலிருந்து வந்த சுவடியைக் கொண்டு நிரப்ப வேண்டும். நாலு பிரதி நாலு விதமாகச் சொன்னால் எது சரி என்று தீர்மானிக்க இலக்கணமும் பொறுமையும் வேண்டும். பகலில் வழக்குக் கட்டுகளைப் படித்த கண்கள்தாம் இதையும் படித்தன.

இவ்வளவு பாடுபட்டு அச்சிட்ட புத்தகத்தை வாங்குவோர் எத்தனை பேர்? கற்றோர் சிலரே. பள்ளிக்கூடப் புத்தகம் விற்பது போல இலக்கண நூல் விற்பதில்லை. அச்சுக்கூடத்துக்கு முதலிலேயே பணம் கட்ட வேண்டும். விற்று வரும் பணமோ வந்தால் வரும். தமிழ் மக்களின் ஆதரவை அவர் தம் பதிப்புரைகளில் வெளிப்படையாகவே வேண்டினார். தாம் அச்சிடாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்நூல்கள் கிட்டா என்னும் அச்சமே அவரைத் துரத்தியது.

இனி, இளைப்பாறிய பின் அவர் வெளியிட்டவற்றை வரிசையாகப் பாருங்கள். 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் உரையோடு. 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு கலித்தொகை. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். நீதிபதிப் பதவியை விட்ட பின்னரும் ஓயாமல், 1891இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தையும், 1892இல் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியர் உரையோடு கொண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. உத்தியோக காலம் முழுவதிலும் செய்யக் கூடாததை, இளைப்பாறிய பின் பத்து வருடத்திற் செய்து முடித்தார்.

எட்டுத்தொகை என்னும் சங்க நூல்களுள் முதன்முதலாக அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. அவர் சைவர், ஆனால் வீரசோழியம் பௌத்தர் ஒருவர் இயற்றியது, சூளாமணி சமண காவியம். நூலின் சமயத்தைப் பார்த்து அதை அழிய விட அவர் மனம் இடங் கொடுக்கவில்லை. தமிழ் எவருடைய கையால் எழுதப்பட்டிருந்தாலும் அது காக்கப்பட வேண்டியது என்று கொண்டார்.

குறையே இல்லாத பணி என்று சொல்ல வரவில்லை. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே 1885இல் அவர் வெளியிட்டார். அதன் பின் நான்கு இயல்களுக்கு உரை செய்தவர் பேராசிரியர் என்பதைப் பிற்கால அறிஞர்கள் ஆராய்ந்து காட்டினார்கள். முதன்முதலாகக் காட்டை வெட்டி வழி சமைப்பவன் காலில் முள் தைக்கத்தான் செய்யும். பின்னால் வந்தவர்கள் பிழை காண்பதற்கும் அச்சிட்ட ஒரு புத்தகம் கையில் இருக்க வேண்டுமல்லவா? அதைக் கொடுத்தவர் அவர்.

அவர் கும்பகோணத்தில் வழக்குப் பேசிய அதே காலத்தில், அவ்வூர்க் கல்லூரியிலே உ. வே. சாமிநாதையர் தமிழாசிரியராக இருந்தார். பிள்ளையைவிட இருபத்திரண்டு வயது இளையவர் அவர். இருவரும் ஏடு தேடியவர்களே. பிள்ளையின் கலித்தொகை வெளிவந்த 1887ஆம் ஆண்டிலேயே ஐயரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. பத்துப்பாட்டும், புறநானூறும், பிறவும் ஐயரின் கையால் வரிசையாக வந்தன. நாவலர் விட்ட இடத்தில் தாமோதரம்பிள்ளையும், அவரோடும் அவருக்குப் பின்னும் ஐயரும் என இப்பணி கைமாறிச் சென்றது. இடையில் நின்ற இந்த இளைப்பாறிய உத்தியோகத்தர் சாய்மனைக் கதிரையைத் தெரிந்திருந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கும்.

1895இல் அரசாங்கம் அவருக்கு ராவ் பகதூர் என்னும் பட்டம் அளித்தது. 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, அறுபத்தெட்டு வயதில், சென்னையிலே அவர் காலமானார். அவர் இளைப்பாறிய வேளையிற் சிறுவனாக இருந்த மகன் அழகசுந்தரம் பின்னர் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு குருத்துவப் பணியிலும் தமிழ்ப் பணியிலும் சிறந்து விளங்கினார். சைவ நாயன்மாரின் பாடல்கள் சிலவற்றைப் பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இல் வெளியிட்டவர் அவரே. தகப்பன் சைவராக நின்று சமண நூலைக் காத்தார். மகன் கிறிஸ்தவராக நின்று சைவப் பாடலை உலகறியச் செய்தார். சமயம் மாறியும் வீட்டின் குணம் மாறவில்லை.

வாசகர்களே, நாம் எல்லோரும் தாமோதரம்பிள்ளை ஆக முடியாது; ஆக வேண்டியதுமில்லை. உடல் ஒத்துழையாதவர் இளைப்பாறட்டும். அது அவர் உரிமை. வறுமையினால் முதுமையிலும் வேலைக்குப் போகிறவரைக் கண்டால் அவரை மதிப்போம். கூலியைக் குறைத்துக் கொடுக்காதிருப்போம். அவர் உழைப்பினால் எந்தப் பேரப்பிள்ளை படிக்கிறதோ, எந்த நோயாளிக்கு மருந்து போகிறதோ நாம் அறியோம். காசாசை என்று சொல்லு முன் ஒரு கணம் நிதானிப்போம்.

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கும் இவ்வாழ்வில் ஒரு பாடம் உண்டு. ஐம்பது வயதில் திடீரென்று ஒருவருக்குப் பெரும் பணி முளைத்துவிடுவதில்லை. இருபது வயதிலே நீதிநெறி விளக்கத்தை அச்சிட்ட பற்றும், முப்பத்தொன்பது வயதிலே படித்த சட்டமும் காத்துக் கிடந்தன. இளைப்பாறியதும் ஒன்று சோறு போட்டது. மற்றது அந்தச் சோற்றுக்கு அர்த்தம் கொடுத்தது. உங்கள் மனதின் பரணில், நேரமில்லை என்று கட்டி வைத்த சுவடி எது? ஒரு கைத்தொழிலா, ஊரின் வரலாறா, நோயாளரைச் சென்று பார்க்கும் விருப்பமா, ஏழைப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் எண்ணமா? பூச்சி அரிக்கு முன் அதை எடுத்துத் தூசி தட்டி வையுங்கள். இளைப்பாறும் நாள் வரும்போது அவிழ்த்துப் படிக்க அது உதவும்.