நோயின் வேரைத் தேடிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ

உயிரணுக்கள் யாவும் முன்னிருந்த உயிரணுக்களிலிருந்தே தோன்றுகின்றன என்னும் பாடத்தை நாம் பள்ளியில் பயின்றிருக்கின்றோம். அவ்வுண்மையை உலகம் ஏற்குமாறு நிலைநாட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. ஆயின் அவரே, ஏழை மக்களைக் கொன்ற கொள்ளைநோய்க்கு வறுமையும் அடிமைத்தனமுமே வேர் என்று தம்மை அனுப்பிய அரசுக்கே எடுத்துரைத்தவர் என்பதை நம்மில் பலர் அறியார். மருத்துவத் துறையிலும் நோய்ப்பரவலியல் துறையிலும் புக விரும்பும் நம் இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

விர்ச்சோ 1821 அக்டோபர் 13 அன்று பொமரேனியா மாநிலத்தில் ஷிவெல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் உழவர்; ஊராட்சியில் பொருளாளராகவும் இருந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. மகனை மருத்துவம் படிக்க வைக்கும் அளவுக்குக் குடும்பத்தில் பொருள் வளம் இல்லை. எனினும் பெர்லினில் இருந்த படை மருத்துவக் கல்வி நிலையம், திறமை மிக்க எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்தது; படித்து முடித்தோர் படையில் மருத்துவராகப் பணியாற்றுதல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அங்கே 1839-இல் இடம் பெற்ற விர்ச்சோ 1843-இல் மருத்துவரானார். பின்னர்ப் பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். அரசு கொடுத்த இலவச இடம் ஒன்று இல்லையேல், உலகம் இம்மேதையை இழந்திருக்கக்கூடும்.

1847-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்த மேல் சைலீசியப் பகுதியில் டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. விளைச்சல் பொய்த்துப் பஞ்சமும் உடன் சேர்ந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் போலிஷ் மொழி பேசும் ஏழை உழவரும் கூலியாளரும் ஆவர். அதிகாரிகளின் மொழியோ ஜெர்மன். மக்கள் மடிகின்றனர் என்னும் செய்தி ஏடுகளில் வெளிவந்து, அரசு பழிக்கு அஞ்சிய பின்னரே விசாரணைக்கு ஆள் அனுப்பியது. அவ்வாறு 1848 பிப்ரவரியில் சென்றவர்களுள் ஒருவர், அப்போது 26 வயதே நிரம்பியிருந்த விர்ச்சோ.

மூன்று வாரங்களுக்குள்ளாக அவர் ரிப்னிக், பிளெஸ் வட்டாரங்களின் குடிசைகளுக்குள் நுழைந்து பார்த்தார். ஒரே அறையில் ஒரு குடும்பமும் அதன் கால்நடையும் அடைந்து கிடந்ததையும், உருளைக்கிழங்கே உணவாக இருந்து அதுவும் இல்லாமற் போனதையும் கண்டார். அம்மக்களின் அழுக்கையும் குடிப்பழக்கத்தையும் சோம்பலையும் அவர் கடுமையாகவே எழுதினார். இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அழுக்கானவர்கள், ஆகவே சாகிறார்கள் என்று சொல்லி அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. இம்மக்களை இந்நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் யார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டார். உழைப்பின் பயனைப் பறித்த நிலக்கிழார்களும், அறியாமையை வளர்த்த மதபீடமும், மக்கள் மொழியையே அறியாத அதிகார வர்க்கமும் அவர் அறிக்கையில் குற்றவாளிகளாக நின்றனர்.

மருந்தையும் உணவையும் அனுப்பினால் போதும் என்று அவர் பரிந்துரைக்கவில்லை. முழுமையான மக்களாட்சி, அனைவர்க்கும் கல்வி, போலிஷ் மொழிக்கு அலுவலில் இடம், சமயத்தின் பிடியிலிருந்து விடுபட்ட அரசு, ஏழையின் சுமையை இறக்கிச் செல்வரிடம் சேர்க்கும் வரிமுறை, நல்ல சாலைகள், உழவு மேம்பாடு ஆகியவற்றையே அவர் டைஃபஸுக்குத் தடுப்பாகக் கூறினார். இந்நோய் உடைப்பேன் வழியே பரவுகின்றது என்பதை 1909-இல்தான் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் நிக்கோல் கண்டறிந்தார். நோயைப் பரப்புவது எது என்பதை அறியாத காலத்திலேயே, அது எவர் வீட்டில் ஏன் தங்குகிறது என்பதை விர்ச்சோ அறிந்திருந்தார்.

சைலீசியாவிலிருந்து திரும்பிய சில நாட்களில், 1848 மார்ச்சில் பெர்லினில் புரட்சி வெடித்தது. விர்ச்சோ தெருவில் இறங்கித் தடுப்பரண் கட்டினார். மருத்துவச் சீர்திருத்தத்துக்கென்றே வார ஏடு ஒன்றையும் நடத்தினார். ஏழைகளுக்காக வழக்காடுதல் மருத்துவரின் கடமை என்பதும், அரசியல் என்பது பெரிய அளவில் செய்யப்படும் மருத்துவமே என்பதும் அவர் கொள்கை. புரட்சி ஒடுக்கப்பட்டது. 1849-இல் அவர் பதவிக்கு ஆபத்து வந்தது. அவர் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கு ஏழாண்டுகள் ஆய்வில் ஆழ்ந்தார். 1856-இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. உயிரணு நோயியல் பற்றிய அவரது பெருநூல் 1858-இல் வெளிவந்தது.

புகழ் வந்த பின்னும் அவர் ஆய்வுக்கூடத்தோடு அடங்கிவிடவில்லை. 1859 முதல் இறுதிவரை பெர்லின் நகரமன்ற உறுப்பினராக இருந்தார். திறந்த சாக்கடைகளால் நாறிய அந்நகரில் 1873-இல் தொடங்கிய கழிவுநீர்க் குழாய்த் திட்டத்துக்கு அவரே அறிவியல் துணை. ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்னும் பொறியாளர் அதனைக் கட்டினார். 1874-இல் திறக்கப்பட்ட ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் நகராட்சி மருத்துவமனைக்கும் அவர் முயற்சி உறுதுணையாயிற்று. நாடாளுமன்றத்தில் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்றார். 1865-இல் சினங்கொண்ட பிஸ்மார்க் ஒற்றைக்கு ஒற்றைப் போருக்கு அழைத்தபோது, அறிவுடையோர் கருத்தை வாளால் தீர்ப்பதில்லை என்று கருதி மறுத்துவிட்டார்.

பிறப்பால் உயர்வு பேசுவோர்க்கு அவர் அளித்த விடை நமக்கு மிக அணித்தானது. ஜெர்மானியர் பொன்னிற முடியும் நீல விழியும் கொண்ட தூய இனத்தார் என்னும் பேச்சு அந்நாளில் ஓங்கியது. விர்ச்சோ எண்ணிப் பார்ப்போம் என்றார். 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் முடி, விழி, தோல் ஆகியவற்றின் நிறம் பதிவு செய்யப்பட்டது. 1886-இல் வெளியான முடிவின்படி, அத்தகைய தோற்றமுடையோர் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் குறைவே; யூதப் பிள்ளைகளிலும் நூற்றுக்குப் பதினொருவர் அத்தோற்றம் கொண்டிருந்தனர். தூய்மை பேசியோர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் எண்கள் நின்றன.

அவரிடம் குறைகளே இல்லை என்று நாம் எழுதமாட்டோம். பேறுகால அறையில் மருத்துவர் கை கழுவினாலே தாய்மார் பிழைப்பர் என்ற செம்மெல்வைஸின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. கிருமிகள் பற்றிய புதிய அறிவையும் தயக்கத்தோடே நோக்கினார். பெரியோரையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இவையும் பாடமாகும். 1902 சனவரியில் ஓடும் டிராம் வண்டியிலிருந்து இறங்கியபோது விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று தம் 80-ஆம் வயதில் மறைந்தார்.

நோய் யாரை, எங்கே, எவ்வளவு, ஏன் தாக்குகிறது என்று எண்ணியும் ஒப்பிட்டும் ஆராய்வதே நோய்ப்பரவலியல். நம் நாட்டில் கையால் மலம் அள்ளுதலை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. அதன் பின்னும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி நம் உறவினர் மூச்சுத் திணறி மாண்டிருக்கின்றனர். அவர்களுடைய நுரையீரலையும் தோலையும் வாழ்நாளையும் எண்ணிக் கணக்கிட்டு உலகின் முன் வைக்கும் அறிஞர்கள் நம்மிடையிலிருந்தும் எழுதல் வேண்டும்.

ஜெர்மானியப் பல்கலைக்கழகம் நமக்கு எட்டாத இடம் அன்று. அண்ணல் அம்பேத்கர் 1921-இலேயே பான் பல்கலைக்கழகத்தில் பயில ஜெர்மன் மொழியில் தம் கைப்பட எழுதி விண்ணப்பித்தார், இடமும் பெற்றார். அங்கே படிப்பை முடிக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. இன்று மியூனிக் பல்கலைக்கழகம் இத்துறையில் ஆங்கில வழியிலேயே முதுநிலைப் பட்டப்படிப்பை நடத்துகின்றது. ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. சில மாநிலங்களிலும் சில சிறப்புப் படிப்புகளிலும் உண்டு என்பதால் முன்னதாகவே விசாரித்தல் வேண்டும். சான்றிதழ்களின் உண்மையைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் வைத்துக் காட்டுதல், மொழித் தேர்வு ஆகியவற்றுக்கு மாதங்கள் பல பிடிக்கும். பட்டியல் சாதி மாணவர்க்கென நடுவண் அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையும் மறவாது நாடுதல் வேண்டும். புள்ளியியல் அறிவை இப்போதே வளர்த்துக்கொள்ளுதல் மிக இன்றியமையாதது.

இளைஞர்களே! விண்ணப்பத்தோடு, இப்படிப்பை ஏன் விரும்புகின்றீர்கள் என்று விளக்கும் கடிதம் ஒன்றையும் கேட்பார்கள். அதில் பிறர் எழுதிய அழகுச் சொற்களைப் பெயர்த்து வைக்க வேண்டா. உங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் எங்கே முடிகின்றது, மழைக்காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளைகள் முதலில் படுக்கின்றனர், அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை கல் தொலைவு என்பவற்றை எண்ணிப் பார்த்து எழுதுங்கள். சைலீசியக் குடிசைகளில் விர்ச்சோ செய்ததும் அதுவே. அவர் வெளியூரிலிருந்து சென்று மூன்று வாரம் பார்த்தார். நீங்களோ அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்.