பஞ்சாங்கம் காணாத கோள்

சனி பார்வை பட்டால் குடி கெடும் என்றஞ்சி, அரை நாள் கூலியை எள் விளக்கில் எரிப்போர் பெரம்பலூரிலும் உண்டு; அரியலூரிலும் உண்டு. அவர்களை எள்ளி நகையாட அல்ல, அவர்கள் முன் ஓர் அறிஞரின் வரலாற்றை வைக்கவே எழுதுகிறோம்.

அவர்தான் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஐதராபாத் நிசாமியா வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்தவர். மகன் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். மாணவராயிருந்தபோதே, 1949இல், புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அமெரிக்காவிலேயே தங்கினாரா? இல்லை, தாயகம் திரும்பினார். 1960இல் கோடைக்கானல் ஆய்வுக் கூடத்தின் தலைமை ஏற்றார். நல்ல வானம் தேடி அலைந்து, ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டெடுத்தார்.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியது. மறைக்கும் முன்னரே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. காவலூரார் கண்டனர், வானூர்தியிலிருந்து அமெரிக்கரும் கண்டனர். யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது!

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் பாறைக் கோள்கள். கதிரவனின் வெப்பத்தருகே கல்லும் உலோகமுமே உறைந்து திரண்டன. அரியலூரில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக் கல்லும் அந்தப் பாறை உலகின் மேலாடையே. குளிர்ந்த தொலைவில் பனியும் வாயுவும் சேர்ந்து வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் எனப் பூதங்களாயின. வியாழனுக்குள் 1,300 பூமிகள் அடங்கும். கால் ஊன்றத் தரை இல்லை. சனியோ தண்ணீரினும் அடர்த்தி குறைந்தது. அந்த வாயுப் பந்துக்குக் கண் ஏது? கோபம் ஏது?

நவக்கிரகம் என்கிறார்களே, அதில் ஞாயிறு விண்மீன், திங்கள் துணைக்கோள், ராகுவும் கேதுவும் கோள்களே அல்ல. யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் அங்கே இடமே இல்லை!

1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார் பாப்பு. நம் நாட்டிலேயே 234 செ.மீ. தொலைநோக்கி ஆக வேண்டுமென்று உழைத்தார். கண்ணாடி நம்மவர் கையாலேயே தேய்க்கப்பட்டது. அது வானம் பார்க்குமுன், 1982இல், மூனிக் நகரில் மறைந்தார். 1986இல் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற கண் காவலூரில் இருக்கிறது. தோழர்களே, பரிகாரத்துக்குப் போகும் காசு, இனிப் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்குப் போகட்டும்!