படிச்சு முடிச்சது 1900-ல், பட்டம் கிடைச்சது 1922-ல்! பிரிட்டனின் முதல் பெண் கால்நடை மருத்துவர் எலீன் கஸ்ட் யார்?

நாய்க்குட்டிக்கு தடுப்பூசி போட கிளினிக்குக்குப் போகிறோம். உள்ளே இருப்பது பெண் டாக்டர் என்றால் இன்று யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. பிரிட்டனில் இப்போது கால்நடை மருத்துவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள்தான். ஆனால், அங்கே முதல் பெண்ணுக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தபோது அவருக்கு வயது 54.

1868 பிப்ரவரி 7-ம் தேதி, அயர்லாந்தின் டிப்பரேரி பகுதியில் பிறந்தவர் எலீன் கஸ்ட். பிரபுக் குடும்பம். அப்பா சர் பட்டம் பெற்றவர். குதிரை, நாய் என்றால் எலீனுக்கு உயிர். முதலில் லண்டனில் நர்ஸ் பயிற்சிக்குப் போனார், மனசு ஒட்டவில்லை. விலங்குகளுக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் கடும் எதிர்ப்பு. அந்தக் காலத்தில் கால்நடை மருத்துவம் என்றால் குதிரை லாயமும் மாட்டுக் கொட்டகையும்தான். நாய், பூனை வைத்தியத்தை நம்பி யாரும் பிழைக்க முடியாது. இப்படி ஒரு வேலைக்கு பெரிய வீட்டுப் பெண் போவதா?

1894-ல் எடின்பரோவில் வில்லியம் வில்லியம்ஸ் நடத்திய கல்லூரியில் சேர்ந்தார். குடும்பப் பெயர் கெடக்கூடாது என்பதற்காக கஸ்ட் என்பதை கஸ்டான்ஸ் என்று மாற்றிக்கொண்டார். வகுப்பில் கெட்டிக்காரி, விலங்கியலில் தங்கப் பதக்கம்.

சிக்கல் எங்கே?

கல்லூரி சேர்த்துக்கொண்டாலும், தொழில்முறைத் தேர்வு நடத்துவது ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ் என்ற அமைப்பு. பெயரில்தான் காலேஜ். நம்மூர் மெடிக்கல் கவுன்சில் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1897-ல், பெண் என்பதால் தேர்வு எழுத அனுமதி இல்லை என்று கைவிரித்துவிட்டது. எலீன் எடின்பரோ கோர்ட்டுக்குப் போனார். அந்த அமைப்பு லண்டனில் இருப்பதால் வழக்கை இங்கே விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

1900-ல் படிப்பு முடிந்தது, கையில் தகுதிச் சான்று இல்லை. 1881-ல் வந்த சட்டப்படி, பதிவு இல்லாதவர் தன்னை வெட்டர்னரி சர்ஜன் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. பேராசிரியர் வில்லியம்ஸ் கொடுத்த பாராட்டுக் கடிதம்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியில் வில்லியம் பர்ன் என்ற கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். குதிரையில் ஏறி கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்தார். விவசாயிகளுக்கு மாடு பிழைத்தால் போதும், சான்றிதழா கேட்கப் போகிறார்கள்?

1905-ல் கால்வே மாவட்டக் கவுன்சில் அவரை கால்நடை ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்தது. உடனே ராயல் காலேஜ் ஆட்சேபம் தெரிவித்தது. கடைசியில் கண்டுபிடித்த தீர்வுதான் வேடிக்கை. வேலையைக் கொடுத்தார்கள், பதவிப் பெயரில் இருந்த 'கால்நடை மருத்துவ' என்ற அடைமொழியை மட்டும் எடுத்துவிட்டார்கள்!

1910-ல் பர்ன் இறந்தபிறகு அந்த மருத்துவமனைப் பணியை எலீனே தனியாகப் பார்த்துக்கொண்டார். முதல் உலகப் போர் வந்ததும் 1915-ல் பிரான்ஸுக்குப் போய், அபவில் நகருக்கு அருகே போர்க் குதிரைகளின் சிகிச்சைக்கு உதவினார்.

மாற்றியது எது?

பெண் என்ற காரணத்தால் யாரையும் தொழிலில் இருந்து விலக்கக்கூடாது என்று 1919-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. ராயல் காலேஜ் மனம் மாறி கதவைத் திறந்ததாகச் சொல்ல முடியாது. சட்டம் திறக்க வைத்தது. போரில் செய்த சேவையைக் கணக்கில் எடுத்து, எலீனுக்கு வாய்மொழித் தேர்வு மட்டும் வைத்தார்கள். 1922 டிசம்பர் 21-ம் தேதி பட்டம் கைக்கு வந்தது.

ஆனால், உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1924-ல் தொழிலை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் குடியேறி பொமரேனியன், காக்கர் ஸ்பானியல் நாய்களை வளர்த்தார். ஊர் ஊராகப் போய் பார்த்த வைத்தியம் முழுக்க பட்டம் இல்லாத காலத்தில். பட்டத்தோடு தொழில் பார்த்தது சுமார் இரண்டே ஆண்டு.

1937 ஜனவரியில் ஜமைக்கா போயிருந்தபோது இறந்தார். தன் சொத்தில் ஒரு பகுதியை கால்நடை மருத்துவ ஆராய்ச்சி உதவித்தொகைக்காக, பெண்களுக்கு முன்னுரிமை என்று எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தை அவர் ஒப்படைத்தது, அதே ராயல் காலேஜிடம்தான்.