நாற்காலியை விட்டு வடலூருக்குப் போனவர் – ஓமந்தூரார்

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

இந்த வாரம் கோயில் வரலாறோ விரத முறையோ எழுதப் போறதில்லை. நம்ம மாவட்டத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதறேன். ஆபீஸ்ல நாலு பேருக்கு மேல உட்கார்ந்து வேலை வாங்குற அன்பர்கள் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. பக்தி உள்ளவன் கையில் அதிகாரம் வந்தா அவன் எப்படி நடந்துக்கணும்? நம்மில் பல பேருக்கு இது தினசரிக் கேள்வி.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில் கூட்டேரிப்பட்டில் திரும்பினால் மயிலம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சாலையில் போனால் ஓமந்தூர். நம்மில் பாதிப்பேர் மயிலம் மலை ஏறியிருப்போம். ஓமந்தூரை பஸ் ஜன்னல் வழியாப் பார்த்ததோடு சரி. அந்த ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கு. இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஓ.பி.ஆர். என்றும் சொல்வார்கள். 1895 பிப்ரவரி 1-ம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில். காங்கிரசில் சேர்ந்து, தென்னார்க்காடு மாவட்டம் முழுக்க இயக்க வேலை பார்த்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். (இன்றைய விழுப்புரம், கடலூர் எல்லாம் அன்று தென்னார்க்காடுதான். 1993-ல்தான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது.)

1947 மார்ச் 23-ம் தேதி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். ஐந்தே மாதத்தில் நாடு சுதந்திரம் அடைந்தது. ஆக, 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் நம்ம திண்டிவனத்துப் பக்கத்து விவசாயி. சின்ன மாகாணம் இல்லைங்க அது. இன்றைய ஆந்திராவின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு மொழி பேசுற அமைச்சர்கள், எம்.எல்.ஏ.க்கள்.

அவருடைய பக்தியைப் பற்றியும் சொல்லணும். திருவருட்பிரகாச வள்ளலாரை நெஞ்சில் வைத்திருந்தவர். திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும் ஆழ்ந்த ஈடுபாடு. நம்ம முருகனுக்கு இந்த இரண்டு பேரும் நெருக்கமானவர்கள். வள்ளலார் சிறு வயதில் சென்னை கந்தகோட்டத்து முருகன் முன் நின்று தெய்வமணி மாலை பாடியவர். ரமணரை முருகன் அவதாரமாகவே வணங்கிய அடியார்கள் உண்டு.

சரி, இப்படிப்பட்ட பக்திமான் கையில் ஆட்சி வந்ததும் என்ன செய்தார்? கோயிலுக்குப் பொன் கொடுத்தார், கும்பாபிஷேகம் நடத்தினார் என்றுதான் நாம எதிர்பார்ப்போம். அவர் முதலில் கவனித்தது கோயில் வாசலை.

1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே 1936-ல் திருவிதாங்கூரில் மகாராஜா பிரகடனம் செய்திருந்தார். 1939-ல் மதுரையில் வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போயிருந்தார். ஆனால் மாகாணம் முழுவதும், எந்தச் சாதி இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் போய்க் கும்பிடலாம் என்று சட்டம் சொன்னது ஓமந்தூரார் ஆட்சியில்தான். பழனியும் திருச்செந்தூரும் மயிலமும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. இன்றைக்கு நாம எல்லாரும் ஒரே வரிசையில் நின்று அரோகரா சொல்றோமே, அதுக்குப் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கு என்பதை மறக்கக் கூடாது.

அது பழைய கதை என்று ஒதுக்கிடவும் முடியாது. 2023 ஜூன் மாதம் நம்ம விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஒரு பிரிவு மக்களை விட மறுத்த தகராறில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். சட்டம் வந்து 76 வருஷம் கழிச்சு, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிறந்த மாவட்டத்திலேயே. படிக்கிறப்போ மனசு வலிக்குது இல்லையா?

அதே 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே தொடங்கி வைத்த போராட்டம். இடையில் பல வருஷம் கிடப்பில் கிடந்தது. பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுவது கடவுள் பெயரால் நடந்த வழக்கம். கடவுளை நம்புகிற ஒருவருடைய ஆட்சியில்தான் அது சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அடுத்தது ஜமீன். 1802 முதல் நிரந்தர நிலவரித் திட்டத்தில் ஜமீன்தார்கள் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். 1947-ல் முதலில் குத்தகையைக் குறைக்கச் சட்டம். 1948-ல் ஜமீன்களையே ஒழித்து ரயத்துவாரியாக மாற்றச் சட்டம். ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடும் அதே சட்டத்தில் வைத்தார்கள். முறையை ஒழித்தார்கள், ஆளை அழிக்கவில்லை. மயிலத்து அடியார்களுக்கு இது புரியும். சூரபத்மனை முருகன் இல்லாமல் ஆக்கவில்லையே, மயிலாக்கித் தன்னோடு வைத்துக்கொண்டாரே. அந்தத் தலத்துக்கு மயிலம் என்று பேர் வந்ததே அதனால்தானே.

மதுவிலக்கும் 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. கள், சாராய வருமானம் போச்சு என்று கணக்குப் பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள். வருமானம் போனாலும் பரவாயில்லை என்று முடிவு எடுத்தார்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கையில் இருந்தது. ஒலிபரப்பு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம். 1949-ல் அரசே அந்த உரிமைகளைப் பெற்றது. செட்டியார் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பின்னால் பாரதி பாடல்கள் மக்கள் சொத்தாக ஆனதுக்கு அதுதான் முதல் படி. இன்றைக்குப் பாரதி பாட்டை நாம யார் அனுமதியும் கேட்காமப் பாடுறோம்.

இவ்வளவும் இரண்டே வருஷத்தில்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டுப் புகழ்வது பக்தி ஆகாது. அவர் ஆட்சியில்தான் 1948-ல் பெரியாரின் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டது. பொது ஒழுங்குச் சட்டத்தில் கம்யூனிஸ்டுகள் விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கப்பட்டார்கள். பள்ளியில் இந்தி வந்ததை எதிர்த்துப் போராடினவர்கள் கைதானார்கள். நேர்மையானவருக்குச் சில சமயம் எதிர்ப்பைப் பொறுத்துக்கொள்ளும் இடம் குறுகலாக இருக்கும். நாமும் இதைக் கவனிக்கணும். நான் தப்பே செய்யலை, அப்புறம் எதுக்கு என்னைக் கேள்வி கேட்கிறாங்க என்று நல்ல அதிகாரிகளே கோபப்படுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். அவர் பதவி ஏன் போனது?

யுத்தம் முடிந்த காலம். அரிசிக்கு ரேஷன், துணிக்குக் கட்டுப்பாடு, எதற்கெடுத்தாலும் பெர்மிட். பெர்மிட் இருந்தால் சிபாரிசும் கூடவே வரும். இன்னாருக்கு லைசென்ஸ் கொடுங்க, இந்த அதிகாரியை மாத்துங்க, நம்ம ஆளுக்கு வேலை போடுங்க. சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்கள்தான் கேட்டு வந்தார்கள். அவர் இடம் கொடுக்கவில்லை. நிர்வாகத்தில் கட்சிக்காரர்கள் கை வைப்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டியவர், வேண்டாதவர் எல்லாருக்கும் ஒரே பதில்.

இன்னொரு பக்கம், 1947 நவம்பரில் வகுப்புவாரி ஆணையைத் திருத்தினார்கள். 14 இடங்கள் இருந்தால் பிற்பட்ட இந்துக்களுக்கென்று தனியாக 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2 என்று பங்கு வைத்தார்கள். கோயில் நிர்வாகத்தைச் சீர்படுத்தச் சட்டம் கொண்டுவரவும் முயற்சி நடந்தது. அதனால் வந்த கோபத்தில், தாடி இல்லாத ராமசாமி என்று அவரைக் கேலி செய்தார்கள். தாடி உள்ள ராமசாமி யாரென்று உங்களுக்குத் தெரியும். வள்ளலார் அடியாரை நாத்திகரோடு சேர்த்துப் பேசினார்கள், அந்த நாத்திகர் இயக்கமோ இவர் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நின்றது. நடுநிலையாக இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் அடி என்பது இதுதான்.

கட்சிக்குள் மனத்தாங்கல் வளர்ந்தது. 1949 ஏப்ரல் 6-ம் தேதி பதவியை விட்டு இறங்கினார். அடுத்து குமாரசாமி ராஜா வந்தார்.

அப்போது ஓமந்தூராருக்கு வயது 54. அரசியலில் அது இளமை. கோஷ்டி சேர்த்து மறுபடி முயற்சி செய்திருக்கலாம். அவர் வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867-ல் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிகிற ஊர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை உண்டாக்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும், கல்விக்கும், அன்னதானத்துக்கும் உழைத்தார். 1970 ஆகஸ்ட் 25-ம் தேதி மறையும் வரை, பதவியை விட்ட பிறகு 21 வருஷம். ஆட்சியில் இருந்தது இரண்டு வருஷம்தான். கணக்கைப் பாருங்க.

பழனி ஆண்டவரும் எல்லாத்தையும் விட்டுட்டு மலை ஏறினவர்தான். ஆனா அவர் பழம் கிடைக்காத கோபத்தில் போனார் என்று நம்ம புராணம் சொல்லுது. ஓமந்தூரார் போன இடத்தில் கோபத்தைக் கொண்டு போகவில்லை, சோறு போடும் வேலையைக் கொண்டு போனார். முருகா, தப்பா நினைச்சுக்காதே!

இதில் நமக்கு என்ன இருக்கு?

நான் இருபது வருஷத்துக்கு மேல பல ஆபீஸ் பார்த்துட்டேன். சஷ்டி விரதம் இருக்கிற மேலாளர்கள், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஆறுபடை வீட்டுப் படம் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா நைட் ஷிப்ட் பட்டியல் போடும்போது தனக்கு வேண்டிய பையன் பேர் விட்டுப்போகும். டிரான்ஸ்பர் சீசனில் சொந்தக்காரர் போன் வந்தா ஃபைல் மேலே வரும். தீபாவளிக்குச் சரக்கு கொடுக்கிறவர் அனுப்புற பெட்டி நேரா வீட்டுக்குப் போகும். கேட்டா, இதெல்லாம் உலக வழக்கம், சாமி விஷயம் வேற என்று பதில்.

வேற இல்லைங்க. ஓமந்தூரார் வாழ்க்கையில் இருந்து நான் எடுத்துக்கிட்டது இதைத்தான். பூஜை அறையில் இருக்கும் பக்தி நமக்கும் கடவுளுக்கும் நடுவில். ஆபீஸ் நாற்காலியில் இருக்கும் பக்தி, நம்ம கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறவனுக்குத்தான் தெரியும். சிபாரிசு இல்லாமல் வந்தவன் முகத்தைப் பார்த்து அவன் வேலையை முறைப்படி முடித்துக் கொடுத்தால், அதுவே அன்றைக்கு அர்ச்சனை.

அப்படி நடந்தா நஷ்டம் வராதா? வரும். அவருக்கே வந்தது, சொந்தக் கட்சிக்காரர்களாலேயே வந்தது. நேர்மையா இருந்தா முருகன் பிரமோஷன் கொடுப்பார் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நாற்காலி போனாலும் போறதுக்கு ஒரு வடலூர் இருக்கணும், அவ்வளவுதான். பதவி மட்டுமே வாழ்க்கை என்று இருக்கிறவனால் யாருக்கும் முடியாது என்று சொல்ல முடியாது. அதை விட்டால் தனக்கு வேறு வேலை இருக்கு, வேறு வீடு இருக்கு என்று தெரிந்தவன்தான் தைரியமாகச் சொல்வான். பக்தி கொடுக்கிற பலம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சென்னை அண்ணா சாலையில் பன்னோக்கு மருத்துவமனை இருக்கும் ஓமந்தூரார் தோட்டம் எல்லாருக்கும் தெரியும். அங்கே வைத்தியத்துக்குப் போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கே அது யார் பெயர் என்று தெரியாது. உங்க பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. அடுத்த தடவை கிருத்திகைக்கு மயிலம் வந்தால், நேரம் இருந்தா ஓமந்தூருக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க. அதிகாரத்தில் இருக்கும் அன்பர் யாராவது தெரிந்தால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்க. குத்திக் காட்டுறதுக்கு இல்லை, துணைக்கு ஒருத்தர் முன்னாடி நடந்திருக்கார் என்று சொல்றதுக்கு.

எல்லாரும் நல்லா இருக்கணும். மயிலம் முருகன் காக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!