விஷத்துக்கு அளவு கண்டவர்

நாயுடுபுரத்துல எங்க பாட்டியின் மாத்திரை டப்பாவில் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை இருக்கும். பேர் டிகாக்சின், 0.25 மில்லிகிராம். இதயத்துக்கு. வாந்தி வந்தாலோ, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சாலோ உடனே கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒருத்தரோட 10 வருட உழைப்பு இருக்கு. அவர் வில்லியம் விதரிங்.

1741-ல் இங்கிலாந்தின் வெலிங்டனில் பிறந்தார். 1766-ல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1775-ல் பர்மிங்காம் வந்தார். நீராவி இன்ஜின் ஜேம்ஸ் வாட் இருந்த லூனார் சொசைட்டியில் இவரும் உறுப்பினர். மெக்கானிக்கல் பசங்க கவனிக்கவும்!

அதே வருடம் ஒரு கைமருந்து பற்றி அவரிடம் கருத்து கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு, ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. அதில் சுமார் 20 மூலிகைகள். தாவரவியல் தெரிந்த விதரிங், வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் செடிதான் என்று கண்டுகொண்டார். ஆனா அது விஷச் செடி.

ஆரம்பத்தில் அளவு அதிகமாகி நோயாளிகள் துவண்டு போனார்கள். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. அதனால் பூக்கும் காலத்தில் பறித்த இலையைக் காயவைத்து, பொடித்து, எடை போட்டுக் கொடுத்தார். அளவு மீறினால் என்ன ஆகும் என்றும் குறித்தார்: வாந்தி, பேதி, தலைசுற்றல், பொருட்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது, நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்குவது, வலிப்பு, மரணம். மருந்து வேலை காட்ட ஆரம்பித்ததுமே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

1785-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். பிழைத்தவர்களை மட்டும் இல்லை, மருந்து பலிக்காத கேஸ்களையும், தன் தவறுகளையும் சேர்த்தே எழுதினார். லேப் ரெக்கார்டில் ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ற நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும்.

1799-ல் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னத்தில் ஃபாக்ஸ்குளோவ் செதுக்கியிருக்கிறார்கள். 1930-ல் அதே இனத்தின் இன்னொரு செடியிலிருந்து டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது.

போன லீவுல பாட்டிக்கு ரெண்டு நாள் வாந்தி. சாப்பாடு ஒத்துக்கலைன்னு விட்டிருப்போம். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து கூட்டிட்டுப் போனோம். வயசானதில் சிறுநீரகம் தளர்ந்து, அதே மாத்திரை உடம்பில் தேங்கிப் போச்சாம். அளவைப் பாதியாக்கினார்கள். பாட்டி இப்போ நல்லா இருக்காங்க.