நாடற்றார்க்கு நாடு தேடிய தொண்டமான்

தேவகோட்டைப் பெருமனைகளின் தேக்குத் தூண்களைக் காணுந்தோறும், அவை பர்மா தேசத்தினின்று கப்பலேறி வந்தவை என்பது நம் நினைவிற்கு வரும். கடல் கடந்து பொருளீட்டிய நகரத்தாரின் சரித்திரம் இப்பக்கத்தில் யாவரும் அறிந்ததே. ஆயினும், அதே காலத்தில் இச்சீமையின் வறண்ட சிற்றூர்களினின்று கால்நடையாய்க் கடற்கரை சேர்ந்து, இலங்கைக்குத் தோணியேறிய ஏழை மக்களின் சரித்திரம் அத்துணை அறியப்பட்டதன்று. முன்னவருட் பலர் போரும் புதுச் சட்டங்களும் வந்தபோது தம் ஊருக்குத் திரும்பினர்; பின்னவரோ தாம் நட்ட தேயிலைச் செடிகளின் நடுவே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டனர். உலக வாணிகம் அவர்தம் உழைப்பை விரும்பி ஏற்றது. அவர்தம் உரிமையை ஏற்க எந்நாடும் எளிதில் முன்வரவில்லை. அவ்வுரிமைக்காக அரை நூற்றாண்டு பாடுபட்ட ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரிற் பிறந்தார். தந்தையார் கருப்பையா வறுமையால் ஊரை நீங்கி, இலங்கையின் மலைநாட்டில் தோட்டத் தொழிலாளியாய் உழைத்துக் கங்காணியாகி, முடிவில் இறம்பொடையை அடுத்த வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மைந்தர் 1924-இல் தந்தையிடம் சென்று, கம்பளை நகரத்துப் புனித அந்திரேயர் கல்லூரியிற் கல்வி பயின்றார். 1927-இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தமை அவ்விளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தோட்ட முதலாளியின் மகன் தோட்டத் தொழிலாளரின் தலைவனாதல் உலகில் அரிதே. அவ்வரிய செயல் இவர்பால் நிகழ்ந்தது.

1939-இல் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்த காலை, ஆங்கு வாழ்ந்த இந்தியரை ஒன்றுபடுத்த இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. தொண்டமான் அதன் கம்பளைக் கிளையில் தொண்டு தொடங்கி, 1945-இல் மகாசபையின் தலைவரானார். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிற்று.

இலங்கை சுதந்தரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே பெருந்துன்பம் வந்தது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. அவர்தம் தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவருமேனும் ஆங்கே பிறந்தனர் என மெய்ப்பித்தல் வேண்டும். பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயன் வீடுகளில் பூட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கே கிடைக்கும்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. நேற்று வாக்களித்தோர் இன்று எந்நாட்டவரும் அல்லாராயினர்.

நெடுங்காலம் வசித்தோர் விண்ணப்பித்து உரிமை பெறலாம் என 1949-இல் வேறொரு சட்டம் வந்தது. காங்கிரஸ் முதலில் அதனைப் புறக்கணித்தது. தவணை முடியுந் தறுவாயிலேதான் மனம் மாறி மக்களை விண்ணப்பிக்கத் தூண்டிற்று. இத்தாமதம் ஒரு பிழையே என்பதை மறைத்தல் தகாது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பல்லாண்டு விசாரணைக்குப்பின் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1952-இல் தொண்டமானும் தோழரும் கொழும்பிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். இதற்கிடையே, அவர்தம் தொழிற்சங்கம் 1950-இல் இந்தியர் என்னுஞ் சொல்லை நீக்கி, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்டது. வாழும் மண்ணே எம் நாடு என்பது அப்பெயர் மாற்றத்தின் கருத்து.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவிற்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாமல் அவர்களைச் சரக்கெனப் பங்கிடுதல் அறமன்று எனத் தொண்டமான் எதிர்த்தார், எதிர்ப்புப் பயன்படவில்லை. பல குடும்பங்கள் இராமேசுவரக் கரையில் இறங்கித் தாம் கண்டறியாத தாயகத்திற் புதுவாழ்வு தொடங்கின.

எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1976-இல் ஏனைய தமிழ்த் தலைவர்கள் தனிநாடு கோரிய காலை, சிங்கள மக்களிடையே சிதறி வாழும் மலைநாட்டார்க்கு அது தீர்வாகாது என விலகி நின்றார். 1977-இல் மீண்டும் தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு அமைச்சரானார். இனக்கலவரங்களில் மலைநாட்டாரும் துன்புற்றபோது, அவர் பதவி துறவாமையைப் பலர் பழித்தனர். அப்பதவியையும் தொழிலாளரின் ஒற்றுமையையும் ஒருங்கே கருவியாகக் கொண்டு அவர் அரசை இணங்கச் செய்தார். 1986-இன் தொடக்கத்தில் தொழிலாளர் வேலை நிறுத்திப் பிரார்த்தனையில் அமர்ந்தனர். அவ்வாண்டும் 1988-ஆம் ஆண்டும் இயற்றப்பெற்ற சட்டங்களால், நாடற்றோருட் பெரும்பாலார் இலங்கைக் குடிகளாயினர்.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அவர் காலமானார். மக்களைப் பங்கிட்ட ஒப்பந்தம் எழுந்து, அன்றோடு சரியாக 35 ஆண்டுகள். எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கிய சட்டம் 2003-இல் நிறைவேறிற்று. அதனைக் காண அவர் இலர்.

மாணவ நண்பர்களே! நம்மூர் இளைஞர் இன்றும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். முற்காலத்துத் தோணிக்கு ஈடாக இன்று விமானம் உளது. உலகமயமாதல் எனப் பெயரும் புதிதாயிற்று. ஆயினும் பண்டமும் பணமும் கடக்கும் எல்லையை உழைப்பவனுடைய உரிமை அத்துணை எளிதிற் கடப்பதில்லை. ஒருவன் எந்நாட்டான் என்பதை அவன் பூட்டன் பிறந்த இடம் சொல்லுமா, அன்றி அவன் வியர்வை சிந்திய நிலம் சொல்லுமா? தொண்டமான் தம் வாழ்நாள் முழுதும் இவ்வொரு வினாவையே அரசுகளின் முன் வைத்தார். பிற மாநிலத்தினின்று பிழைப்புத் தேடி நம்மூர்க்கு வந்து சுவரெழுப்பும் தொழிலாளரைக் காணும்போது, அவ்வினாவை நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளக் கடவோம்.